விளக்குப் பிடித்தவள்

என் முதல் கவிதைத் தொகுப்பில், நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோன ஒரு வள்ளத்தைப் பற்றிய கவிதை இருக்கிறது. பலர் பாராட்டிய கவிதை. ஒரு கல்லூரியில் அதைப் பாடமாகவும் வைத்தார்கள். அந்தக் கவிதையில் மழை கொட்டுகிறது. வள்ளம் சுழல்கிறது. வள்ளக்காரர் எஞ்சினோடு மல்லுக்கட்டுகிறார். அம்மா தாலியைக் கண்களில் ஒற்றிக்கொண்டு கடலிடம் மன்றாடுகிறாள். கடைசி வரியில் எஞ்சினுக்கு உயிர் வருகிறது.

மழை கொட்டியது உண்மை. வள்ளம் சுழன்றதும் உண்மை. மற்றதெல்லாம் நான் இட்டுக்கட்டியது.

அன்று அந்த எஞ்சினைத் திரும்ப ஓடவைத்தவள் என் அம்மா. அவள் கையில் அப்போது தாலி இல்லை, ஸ்பேனர் இருந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பார்த்தும் ஏன் அப்படி எழுதினேன் என்று யோசிக்கத்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் ஊர் மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடையில், மன்னார் வளைகுடாவின் கரையில் இருக்கிறது. கரையிலிருந்து தெற்கே பார்த்தால் தீவுகள் வரிசையாகத் தெரியும். தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரை மொத்தம் 21 தீவுகள் என்பார்கள். அந்தத் தீவுகளைச் சுற்றியுள்ள பார்களில் கடற்பாசி வளர்கிறது. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அதுதான் பிழைப்பு. மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, விலை உண்டு. மரிக்கொழுந்திலிருந்து அகர் எடுக்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்க்கும் தட்டிலும், கடையில் வாங்கும் இனிப்பிலும் அது இருக்கிறது. அதைப் பிடுங்கிய விரல்கள் யாருடையவை என்று எந்தத் தட்டும் சொல்லாது.

மாதத்தில் பன்னிரண்டு நாள் பாசிக்குப் போவார்கள். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள். அப்போதுதான் தண்ணீர் நன்றாக வற்றிப் பார் கைக்கு எட்டும். விரல்களுக்குத் துணி சுற்றிக்கொள்வார்கள். ரப்பர் செருப்பைக் காலோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிக்கொள்வார்கள். சேலைக்கு மேல் ஆண்களின் பழைய சட்டை. கண்ணுக்குக் கண்ணாடி. மூச்சைப் பிடித்து முங்கி, பாசியைப் பிடுங்கி, இடுப்பில் கட்டிய வலைப்பையில் போடுவார்கள். நாலைந்து மணி நேரம் இப்படி. திரும்பி வரும்போது எல்லோருடைய விரல்நுனிகளும் வெந்த கிழங்குபோல் வெளுத்திருக்கும்.

தீவுக்குப் போக வள்ளம் வேண்டும். வள்ளம் ஆண்களுடையது. ஆளுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்துத்தான் ஏற வேண்டும். "நம்ம வள்ளத்துக்குச் சரக்கு மாதிரிடி" என்பாள் அம்மா. சரக்குக்கு இருக்கும் சில கட்டுப்பாடுகள் அவர்களுக்கும் இருந்தன. அணியத்தில் கால் வைக்கக்கூடாது. தீட்டு நாளில் ஏறக்கூடாது. எஞ்சினைத் தொடக்கூடாது. பெண் கை பட்டால் எஞ்சின் மக்கர் பண்ணும் என்பது எங்கள் கரையில் யாரும் எழுதிவைக்காத சட்டம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் எட்டாம் வகுப்பு. தீபாவளி விடுமுறை. அமாவாசைக் கணக்கில் அம்மா பாசிக்குப் புறப்பட்டாள். பள்ளிக் காலணி வாங்க வேண்டும், அதற்கு நானும் உழைக்க வேண்டும் என்று அடம்பிடித்து நானும் ஏறிக்கொண்டேன். பதினோரு பெண்கள், நான், வள்ளக்காரர். அவரை எல்லோரும் அண்ணன் என்பார்கள், நான் மாமா என்பேன். நல்ல மனிதர். கூலியில் ஒரு ரூபாய் குறைந்தாலும் அடுத்த நாள் ஏற்றிக்கொள்வார்.

ஐப்பசி வானத்தை நம்பக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த ஆறு நாளை விட்டால் அடுத்த பௌர்ணமி வரை கையில் காசு இல்லை. காலையில் வானம் வெளுத்திருந்தது, போனோம். மதியத்துக்கு மேல் வடக்கே, எங்கள் கரைக்கு மேலே, மை பூசியதுபோல் மேகம் ஏறியது. பெரியாச்சிதான் முதலில் பார்த்தாள். பதினோரு பேரில் மூத்தவள். 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது பாம்பனில் இருந்தவள். "பைய எடுங்கடி, ஏறுங்க" என்றாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஏறி, வள்ளம் கிளம்பி, தீவை விட்டுப் பாதி தூரம் வந்திருப்போம். காற்று வந்துவிட்டது.

வாடைக்காற்று எங்களுக்குப் பொல்லாதது. கரை வடக்கே இருக்கிறது. காற்றும் வடக்கிலிருந்தே வந்தால், அது உங்களைக் கரையிலிருந்து பிரித்துத் தீவுகளுக்கு வெளியே, ஆழத்தை நோக்கித் தள்ளும். எஞ்சின் ஓடும்வரை கவலை இல்லை. எதிர்த்து முட்டிக்கொண்டு வந்துவிடலாம். எங்கள் எஞ்சின் மழை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் இருமத் தொடங்கியது. வெள்ளைப் புகை விட்டது. ஏறியும் இறங்கியும் முனகியது. நின்றது.

எஞ்சின் நின்றதும் வரும் சத்தத்தை அதுவரை நான் கேட்டதில்லை. அதுவரை அந்த டப்டப் ஒலி கடலை மறைத்துக்கொண்டிருந்தது. அது போனதும் காற்றும் அலையும் மழையும் ஒரே நேரத்தில் காதுக்குள் நுழைந்தன.

மாமா உடனே எஞ்சின்மேல் பாய்ந்தார். ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். மறுபடி சுற்றினார். அம்மா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "மொதல்ல கல்லப் போடுங்கண்ணே" என்றாள். அவர் காதில் விழவில்லை. பெரியாச்சியே எழுந்துபோய் நங்கூரத்தைத் தூக்கிப் போட்டாள். கயிறு இறுகியது. வள்ளத்தின் அணியம் காற்றைப் பார்த்துத் திரும்பியது. ஆட்டம் கொஞ்சம் அடங்கியது. ஆனால் அடியில் இருந்தது மணல் இல்லை, பார். கயிறு கூரான பவளக் கல்லில் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. சிறிது நேரத்தில் ஒரு வெட்டு. கயிறு தொளதொளவென்று வந்தது. வள்ளம் பக்கவாட்டில் திரும்பியது. அடுத்த அலை உள்ளே விழுந்தது.

அதே நேரத்தில்தான் மாமாவின் கை போனது. முழுச் சுற்று வராமல் ஹேண்டில் எதிர்ப்பக்கம் உதைத்தது. டீசல் எஞ்சினைக் கையால் சுற்றித் தொடங்குகிற எவருக்கும் அந்த உதை தெரியும். மணிக்கட்டுக்கு மேலே எலும்பு முறிந்து கை வளைந்து தொங்கியதை நான் பார்த்தேன். அவர் கத்தவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை அம்மா பின்னாளில் ஒரே வாக்கியமாகச் சொல்வாள்: "மொதல்ல மூஞ்சியக் காத்துக்குக் குடு, அப்பறம் தண்ணிய எற, அப்பறந்தான் எஞ்சினு." இந்த வரிசையில் அவளுக்குக் கடைசிவரை சந்தேகம் வந்ததில்லை. எஞ்சின் நின்றால் கை தானாக எஞ்சினுக்குத்தான் போகும். ஆனால் அலைக்கு விலாவைக் காட்டிக்கொண்டு கிடக்கும் வள்ளத்தில் எந்த ரிப்பேரும் நடக்காது. அதற்குள் வள்ளம் கவிழ்ந்துவிடும்.

நங்கூரம் போய்விட்டது. அறுந்த கயிற்றின் மிச்சம் கையில் இருந்தது. பெரியாச்சி அதன் நுனியில் தன் பாசிப் பையைக் கட்டினாள். காலையிலிருந்து அவள் முங்கி முங்கிச் சேர்த்த பை. "ஒண்ணு போதாது, குடுங்கடி" என்றாள். ஈரப்பாசி நிறைந்த வலைப்பைகளை வரிசையாகக் கட்டி அணியத்திலிருந்து தண்ணீரில் விட்டால், அது தரையைத் தொடாமலே தண்ணீரைப் பிடித்து இழுக்கும். காற்று வள்ளத்தைத் தள்ளும், பை பின்னுக்கு இழுக்கும், மூக்கு காற்றுக்கு நேராக நிற்கும். மீன்பிடிக்கப் போகிறவர்கள் வலையை விட்டு இதையே செய்வார்கள். எங்களிடம் வலை இல்லை, பாசி இருந்தது.

ஒவ்வொரு பையும் ஒரு நாள் கூலி. சில பெண்களுக்கு வியாபாரியிடம் வாங்கிய முன்பணத்துக்கு அதுதான் ஈடு. யாரும் வாயைத் திறக்காமல் கொடுத்தார்கள். ஒரு மதினி மட்டும் கொடுக்கவில்லை. பையை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவளுடைய பிள்ளை ராமநாதபுரத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தது. "அவள விடுங்க" என்றாள் பெரியாச்சி. ஒரு நிமிடம் கழித்து மதினியே பையை நீட்டினாள்.

கயிறு விறைத்தது. அணியம் மெல்லத் திரும்பியது. நான்கு பேர் வாளியாலும் சோற்றுத் தூக்காலும் தண்ணீர் இறைத்தார்கள். மாமா இடது கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டார். அம்மா எஞ்சின் பெட்டியைத் திறந்தாள்.

"தொடாத தங்கச்சி" என்றார் மாமா.

"தொடாட்டி யாருண்ணே தொடுவா?" என்றாள் அம்மா.

அம்மாவுக்கு எஞ்சின் எப்படித் தெரியும்? அவளுடைய தம்பி, என் தாய்மாமன், கரையில் எஞ்சின் வேலை பார்த்தார். ராத்திரியில் எங்கள் பாட்டி வீட்டு முற்றத்தில் எஞ்சினைப் பிரித்துப் போடுவார். அம்மா அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கழற்றிய சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவி, கழற்றிய வரிசையிலேயே ஓலைப்பாயில் அடுக்கி வைப்பது அவள் வேலை. வரிசை மாறினால் தம்பியே என்றாலும் திட்டுவார். இப்படிக் கல்யாணமாகும்வரை ஏழெட்டு வருடம். மாமனைக் கேட்டால், "அக்கா வெளக்குப் பிடிக்கும்" என்பார். அக்காவுக்கு வேலை தெரியும் என்று அவரும் நினைத்ததில்லை, அக்காவும் நினைத்ததில்லை. விளக்கைச் சரியான இடத்தில் பிடிக்க வேண்டுமென்றால் அடுத்து கை எங்கே போகும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பதை நாங்கள் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் அவள் டேங்கு மூடியைத் தொட்டுப் பார்த்தாள். மூடி தொலைந்து எத்தனையோ மாதமாகிவிட்டது. அந்த இடத்தில் துணியைச் சுருட்டி அடைத்திருந்தது. துணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. "தண்ணி எறங்கிருச்சு" என்றாள். டீசல் இலேசானது, தண்ணீர் கனம். தண்ணீர் அடியில்தான் நிற்கும், எஞ்சினுக்குப் போகும் குழாயும் அடியில்தான் இருக்கிறது. அப்படியென்றால் எவ்வளவு சுற்றினாலும் எஞ்சின் தண்ணீரைத்தான் குடிக்கும். மாமாவின் கை வீணாகத்தான் முறிந்திருக்கிறது.

இரண்டு பேர் தார்ப்பாயை எஞ்சினுக்கு மேலே விரித்துப் பிடித்தார்கள். அம்மா டேங்கிலிருந்து வரும் ரப்பர் குழாயைக் கழற்றி வாயை முடிச்சிட்டாள். அமரத்தில் ஐந்து லிட்டர் கேனில் மாற்று டீசல் இருந்தது. அதை என் கையில் கொடுத்து, "தலைக்கு மேல தூக்கிப் பிடி, எறக்கிராத" என்றாள். கேனிலிருந்து இன்னொரு குழாய் நேராக ஃபில்டருக்கு. உயரத்திலிருந்தால்தான் டீசல் தானாக இறங்கும். பில்டரின் அடித்திருகைக் கழற்றினாள். முதலில் தண்ணீர் வந்தது, பிறகு கலங்கலாக, பிறகு சுத்தமான டீசல். அதை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினாள். உப்பு இல்லை. மூடினாள்.

அதோடு முடியாது. குழாய்க்குள் காற்று புகுந்திருக்கும். டீசல் எஞ்சினுக்குள் ஒரு குமிழி இருந்தாலும் பம்பு அந்தக் குமிழியை நசுக்கிக்கொண்டிருக்குமே தவிர டீசலைத் தள்ளாது. அம்மா பம்பின்மேல் இருந்த திருகைத் தளர்த்தினாள். நுரைநுரையாக வந்தது. நுரை நின்று நேராக ஒழுகியதும் இறுக்கினாள். பிறகு நாசிலுக்குப் போகும் இரும்புக் குழாயின் நட்டைத் தளர்த்தி, "சுத்துங்க" என்றாள். இரண்டு பெண்கள் ஹேண்டிலைப் பிடித்தார்கள். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைக்கச் சொன்னாள். உதைத்தால் ஹேண்டில் கையை விட்டுப் போகட்டும், கையை இழுத்துக்கொண்டு போகக்கூடாது. நட்டின் இடுக்கில் டீசல் பீய்ச்சியது. இறுக்கினாள். அமுக்கத்தை விடுவிக்கும் சின்ன லிவரைத் தானே தூக்கிப் பிடித்தாள். ஹேண்டில் வேகம் எடுக்கும்வரை காத்திருந்தாள். லிவரை விட்டாள்.

முதல் தடவை இல்லை. இரண்டாவது தடவை இல்லை. என் கைகள் நடுங்கின, கேன் இறங்கியது. அம்மா திரும்பிப் பார்க்காமலே "தூக்கு" என்றாள். மூன்றாவதிலோ நான்காவதிலோ ஒரு டப். அப்புறம் இன்னொன்று. அப்புறம் அது ஓடத் தொடங்கியது.

யாரும் ஆர்ப்பரிக்கவில்லை. பெரியாச்சி கரைக்கு நேராகப் போகவேண்டாம் என்றாள். வந்த தீவுக்கே திரும்பி, அதன் தெற்குப் பக்கத்து மறைவில் ஒதுங்கினோம். எஞ்சினை நிறுத்தவில்லை, மெதுவாக ஓடவிட்டே வைத்திருந்தோம். கயிற்றை இழுத்தபோது ஏழு பைகளில் நான்கு மிஞ்சியிருந்தன. அதில் எது யாருடையது என்று தெரியவில்லை. பதினொன்றாகப் பங்கு வைத்தார்கள். காற்று அடங்கி ஊர் சேரும்போது இரவு எட்டு மணி இருக்கும்.

கரையில் கூட்டம் நின்றது. மாமாவைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். முறிந்த கையைப் பார்த்ததும் எல்லோருக்கும் கதை புரிந்துவிட்டது. கை முறிந்தும் எஞ்சினை ஓட்டி இத்தனை பெண்களையும் கரை சேர்த்த மனிதர். மாமா அப்படிச் சொல்லவில்லை. யாரும் அவரிடம் கேட்கவும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "வெளிய சொல்லிராத."

எனக்குக் கோபம் வந்தது. ஏன் என்று கேட்டேன். "எஞ்சினத் தொட்டேன்னு தெரிஞ்சா அடுத்த கணக்குக்கு எவன் வள்ளத்துல ஏத்துவான்?" என்றாள். எனக்கு அப்போது புரியவில்லை. இப்போது யோசித்தால், பதினோரு பெண்களின் பிழைப்பை ஒரு பாராட்டுக்காக அடகு வைக்க அவள் தயாராக இல்லை. பதினோரு பேரும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அதன் பிறகு அவர்கள் வள்ளத்தில் ஏறும்போது அம்மாவுக்கு எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்தில் இடம் விட்டார்கள். மாமாவும் டேங்குக்குப் புது மூடி வாங்கிப் போட்டார்.

நான் மதுரைக்குப் படிக்கப் போனேன். தமிழ் எடுத்தேன். ஆய்வுக்கு நெய்தல் திணையைத் தேர்ந்தேன். கடற்கரைக்காரி என்பதால் வழிகாட்டியும் மகிழ்ந்தார். நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்பது தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். பரதவன் கடலுக்குள் போகிறான், பெண் கரையில் மீன் உணங்கலுக்குக் காவல் இருக்கிறாள், புள் ஓப்புகிறாள், காத்திருக்கிறாள், இரங்குகிறாள். முந்நூறு பக்கத்துக்கு மேல் இந்த இரக்கத்தை வகைப்படுத்தினேன். கடல்வழிப் பயணம் பெண்ணோடு கூடியதாக இல்லை என்று பொருள்படும் ஒரு நூற்பா தொல்காப்பியத்தின் அகத்திணையியலில் இருக்கிறது. அதற்கு உரையாசிரியர்கள் சொன்னதை வரிசைப்படுத்தி, மரபு வழுவாமல் ஒரு இயல் எழுதினேன். எழுதிய இரவுகளில் ஒருமுறைகூட எங்கள் வள்ளம் என் நினைவுக்கு வரவில்லை. வாய்மொழித் தேர்வில் யாராவது கேட்டிருந்தால், பெண் கடலேறுவதில்லை என்று நானே அடித்துச் சொல்லியிருப்பேன். என் கைகளில் கேன் பிடித்த வலி இருந்திருக்கிறது, என் ஆய்வேட்டில் அதற்கு இடமில்லை.

அந்தக் காலத்தில்தான் அந்தக் கவிதையை எழுதினேன். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றத்தான் மாற்றி எழுதினேன் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. வாக்குக்காக என்றால் நான் அதை எழுதாமலே இருந்திருக்கலாம். டீசலை நாக்கில் வைத்துத் துப்பும் அம்மா எனக்குக் கவிதையாகத் தெரியவில்லை என்பதுதான் மீதிப் பாதி. வேண்டிக்கொள்ளும் அம்மா கவிதையாக இருந்தாள். அவளை எனக்கு முன்பே ஆயிரம் பேர் எழுதிவைத்திருந்தார்கள், எடுத்துப் போட்டுக்கொள்வது சுலபமாக இருந்தது. விடுதியில் என் தோழிகளின் அம்மாக்கள் ஆசிரியைகளாக, அலுவலர்களாக இருந்தார்கள். மண்ணெண்ணெய் வாசம் வீசும் அம்மாவைக் காட்ட எனக்கு வெட்கமாக இருந்தது என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

புத்தகம் வந்ததும் ஊருக்கு எடுத்துப்போய் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். அந்தக் கவிதையை முழுக்கக் கேட்டாள். "நல்லா இருக்கு" என்றாள். கொஞ்சம் கழித்து, "அதுல நான் எங்கடி?" என்று கேட்டாள். தாலியை ஒற்றிக்கொள்ளும் வரியைச் சொன்னேன். "அன்னைக்குத் தாலி கடைல அடகுல கெடந்துச்சு" என்றாள். அதற்குமேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்துபோய் அடுப்பைப் பார்த்தாள்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது கன்னியாகுமரிக் கரையின் பெண்களைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். கடலைப் பார்த்து அழும் முகங்களைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அதே பெண்கள் சில நாட்களில் குழித்துறையில் ரயில் தண்டவாளத்தில் போய் உட்கார்ந்தார்கள், எங்கள் ஆட்களைத் தேடு என்று கேட்டார்கள். அழுத முகங்கள்தான் மனதில் நின்றன, எனக்கும்தான். என் இரண்டாயிரம் ஆண்டு நெய்தல் பயிற்சி அப்படி. இரங்கும் பெண்ணை உடனே அடையாளம் கண்டுகொள்ளும், வழக்காடும் பெண்ணைத் தாண்டிப் போகும்.

எங்கள் பாசிப் பெண்களின் கதையும் அதுவே. தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986இல் தேசியப் பூங்காவான பிறகு, தலைமுறைகளாகப் போய்வந்த பார் அவர்களுக்கு அத்துமீறும் இடமாகிவிட்டது. அவர்கள் சங்கம் கட்டினார்கள். பாசி தழைக்க வேண்டுமென்று தாங்களே சில வாரங்கள் பறிக்காமல் இருந்தார்கள். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சர்வதேச அளவில் தரப்படும் சீகாலஜி விருது கிடைத்தது. அந்தச் செய்தியை நான் வகுப்பில் வாசித்துக் காட்டியபோது, ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவி கடைசி வரிசையிலிருந்து சொன்னாள்: "எங்க அம்மாவும் பாசிக்குப் போறாங்க மேடம். நெய்தல்ல அவங்க எந்தத் துறைல வருவாங்க?"

பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அன்று மாலை ஊருக்குப் பேருந்து ஏறினேன்.

அம்மாவுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. கண் மங்கல். கடலுக்குப் போய் வருடங்களாகின்றன. "இனி சொல்லலாமா?" என்று கேட்டேன். "இனி எவன் வள்ளத்துல நான் ஏறப்போறேன்? எழுதிக்கோ" என்றாள். ஒரு கேள்வி கேட்டால் ஒரு மணி நேரம் பேசினாள். எந்தத் திருகு எந்தப் பக்கம் என்று கையால் காற்றில் திருகிக் காட்டினாள். இப்போது பெண்களும் கைபேசி வைத்திருக்கிறார்கள், ஆபத்தென்றால் கடலோரக் காவல்படைக்கு 1554 என்ற எண்ணில் அழைக்கலாம் என்று சொன்னேன். எண்ணை இரண்டு தரம் சொல்லச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டாள். "கூப்புடட்டும். அவங்க வாறதுக்குள்ள மூஞ்சியக் காத்துக்குக் குடுக்கணும்ல" என்றாள்.

இப்போது நெய்தல் பாடம் எடுக்கும்போது அந்தத் தொல்காப்பிய நூற்பாவுக்கு வந்ததும் நிறுத்துகிறேன். எங்கள் வள்ளத்தின் கதையைச் சொல்கிறேன். பிறகு மாணவிகளிடம் ஒரு வேலை கொடுக்கிறேன்: உங்கள் வீட்டில் விளக்குப் பிடித்தவர் யார் என்று கேட்டு எழுதி வாருங்கள். கணவன் ஓட்டும் லாரிக்கு டயர் மாற்றத் தெரிந்த அம்மா, மோட்டார் பம்புக்கு ஃபுட்வால்வு மாட்டும் பாட்டி, வீடு வயரிங் செய்யும்போது ஏணி பிடித்து ஏணி பிடித்தே மின்சாரம் படித்த அத்தை என்று வந்துகொண்டே இருக்கிறார்கள். கேட்டபோது எல்லோருமே முதலில் சொன்னது, "எனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா கூட நின்னேன்."

அந்தக் கவிதையை அடுத்த பதிப்பிலிருந்து எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். திருத்தி எழுதலாமே என்றார் பதிப்பாளர். முயன்றேன், வரவில்லை. அதனால்தான் உரைநடையில் எழுதுகிறேன்.

இந்தக் கட்டுரையின் முதல் படியைப் போன வாரம் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இரண்டு இடத்தில் நிறுத்தச் சொன்னாள். முதலாவது, பில்டர் திருகைக் கழற்றும் முன்பு கேன் குழாயை மாட்டியதாக எழுதியிருந்தேன் அல்லவா, அது சரிதானா என்று அவளே கையால் செய்து பார்த்துவிட்டு, சரி என்றாள். இரண்டாவது, மாமாவைப் பற்றி நான் எழுதியிருந்தது போதவில்லை என்றாள். முதல் படியில் அவர் கை முறிந்ததோடு அவரை விட்டுவிட்டிருந்தேன்.

"கையி ஒடிஞ்சு தொங்குது. ஒத்தக் கையால கடைசி மட்டும் சுக்கான் பிடிச்சவரு அந்த அண்ணன்தான். அவர விட்டுட்டு எழுதாத" என்றாள்.

எழுதிவிட்டேன், அம்மா.